பழைய றிவோல்வர்களின் விலையும் கனடியச் சட்டமும்

கடந்த வரிக்காலத்தில் மிசிசாகாவில் உள்ள எமது அலுவலகத்துக்கு ஒரு மூதாட்டி தன் மகனோடு வந்திருந்தார். கணவர் இறந்து ஏழு மாதம். அவருடைய கடைசி வருமானவரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். வீடு, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. எழும்பும் நேரத்தில் மகன் கைபேசியில் மூன்று படங்களைக் காட்டினார். பூட்டு வைத்த இரும்புப் பெட்டிக்குள் மூன்று பழைய றிவோல்வர்கள். கூடவே ஒரு செய்தி. 2021 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சலிஸில் பொன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் இதே வகைத் துப்பாக்கி ஒன்றை 60 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் விற்றிருக்கிறது. "அப்ப இதுகளுக்கு எவ்வளவு போடுறது?" என்று கேட்டார்.

அவர்கள் தமிழர்கள் அல்லர். ஆளை அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறோம். ஆனாலும் இது எம்மவருக்குத் தேவையற்ற கதை என்று தள்ளிவிட முடியாது. பழைய வீட்டை வாங்கி பேஸ்மென்ற் திருத்தும்போது சுவருக்குள் துப்பாக்கி கிடைப்பது இந்நாட்டில் நடக்காத விடயமல்ல. எமது பிள்ளைகள் இங்குள்ள குடும்பங்களில் மணம் முடிக்கிறார்கள். அயலவரின் மரணசாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பும் சிலருக்கு வந்து சேர்கிறது. துப்பாக்கி என்றதும் சோதனைச் சாவடியை நினைக்கும் தலைமுறை நாம். அதை வெல்வெற் துணியில் சுற்றி வைத்து, வருடா வருடம் விலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள எமக்குச் சில காலம் எடுத்தது.

பெட்டியில் இருந்த மூன்றும் கோல்ட் நிறுவனத்தின் 'சிங்கிள் அக்சன் ஆர்மி' வகை. (கோல்ட் என்பது நிறுவனரின் பெயர், பொன் அல்ல.) ஒவ்வொரு முறையும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்த பிறகுதான் விசையை அழுத்த முடியும், அதனால் 'சிங்கிள் அக்சன்'. 1873இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி இது. ஜெய்சங்கரின் 'கங்கா' படத்திலும், லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரின் இடுப்பிலும் நாம் பார்த்தது இந்த உருவத்தைத்தான்.

சேகரிப்பாளர்கள் இவற்றை மூன்று தலைமுறைகளாகப் பிரிப்பார்கள். 1873இலிருந்து இரண்டாம் உலகப் போரின் தொடக்கம் வரை செய்யப்பட்ட சுமார் 357,000 துப்பாக்கிகள் முதல் தலைமுறை. அதன்பின் கோல்ட் நிறுவனம் இந்த வகையை நிறுத்திவிட்டது. 1950களில் தொலைக்காட்சியில் கௌபோய் தொடர்கள் வந்து குவிந்ததும் கேள்வி திரும்பி வந்தது. 1956இல் உற்பத்தியை மீண்டும் தொடங்கினார்கள். 1974 வரை இரண்டாம் தலைமுறை, 1976இலிருந்து மூன்றாவது. ஆக, இந்தச் சந்தையைத் தூக்கி நிறுத்தியது போர் அல்ல, தொலைக்காட்சி. அந்தத் தொடர்களைப் பார்த்து வளர்ந்த பையன்களே பின்னாளில் கையில் காசு சேர்ந்ததும் வாங்கியவர்கள். இப்போது அவர்கள் வயதாகி இறக்கிறார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வருகின்றன. மிக அரிதானவை மேலே போக, நடுத்தரமானவை தேங்கி நிற்கும் நிலைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கணிப்பு. முத்திரைச் சேகரிப்பில் முன்னரே கண்ட கதைதான்.

அந்த 60 இலட்சம் டொலர் துப்பாக்கியின் கதை வேறு. 1881இல் பில்லி த கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக் கொல்ல ஷெரிஃப் பற் கரெற் பயன்படுத்தியது அது. அதே இரும்பு, அதே தொழிற்சாலை. ஆனால் அது யார் கையில் இருந்தது என்பதற்கான ஆவணங்கள் தொடர்ச்சியாக இருந்தன. 2014இல் அரிசோனாவில் வயட் ஏர்ப்புடையது என்று சொல்லப்பட்ட ஒரு கோல்ட் 225,000 டொலருக்குப் போனது. பெயர் எதுவும் இல்லாத, தேய்ந்த முதல் தலைமுறைத் துப்பாக்கி அமெரிக்காவில் சில ஆயிரம் டொலர் பெறும். எனவே மகனுக்கு முதலில் சொன்னது, ஏலச் செய்தியை மறந்துவிடுங்கள் என்பதே.

பெயர் இல்லாவிட்டாலும் காகிதத்துக்கு மதிப்பு உண்டு. தொடரிலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் அந்தத் துப்பாக்கி எந்த ஆண்டு, எந்த அளவு ரவைக்காக, எந்த வியாபாரிக்கு அனுப்பப்பட்டது என்று பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தரும். கணக்காளர் என்ற முறையில் எமக்கு இந்தத் துறையில் பிடித்த ஒரே விடயம் இந்தப் பேரேடுதான். இராணுவத்துக்குப் போனவற்றில் பரிசோதகரின் முத்திரை இருக்கும். எயின்ஸ்வேர்த் என்பவரின் முத்திரை உள்ளவற்றுக்குத் தனி மவுசு. மவுசு உள்ள இடத்தில் போலியும் இருக்கும். இன்னொன்று: குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குவது போல இவற்றை மினுக்கக் கூடாது. நூறு வருடப் பழுப்பைத் தேய்த்துவிட்டு நீலமுலாம் பூசினால், விலையில் பெரும்பகுதி அந்தத் துணியோடு போய்விடும்.

இனிக் கனடாவின் சட்டம். மகனின் கேள்விக்கான உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

இந்நாட்டில் கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் முறை 1934இலிருந்து உள்ளது. 2022 ஒக்ரோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கியை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் முடக்கப்பட்டன. 2023 டிசம்பர் 15இல் அரச ஒப்புதல் பெற்ற சி-21 சட்டம் அதை நிலையானதாக்கியது. ஒலிம்பிக் வகைத் துப்பாக்கிச் சுடும் போட்டியாளர், உயிர்ப் பாதுகாப்புக்கோ தொழிலுக்கோ எடுத்துச்செல்லும் அனுமதி உள்ளவர் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. தந்தையின் பதிவு செய்யப்பட்ட றிவோல்வரை மகன் உரிமத்தோடு இருந்தாலும் சாதாரணமாகத் தன் பெயருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்ற வியாபாரிக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்கலாம், அனுமதிகள் எடுத்து வெளிநாட்டுக்கு விற்கலாம், செயலிழக்கச் செய்யலாம், பொலிஸாரிடம் ஒப்படைக்கலாம். வாங்குவோர் கூட்டம் ஒரே நாளில் மறைந்துபோன சந்தை இது.

ஆனால் 'தொன்மைத் துப்பாக்கி' என்ற வகைக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். முடக்கமும் அதைத் தொடவில்லை. 1898க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. (அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டும் சேரும், ஒரு வருட வித்தியாசத்தில் எத்தனை சண்டை!) இரண்டாவது நிபந்தனை ரவை பற்றியது. மையத்தில் அடித்து வெடிக்கும் ரவைகளில் ஒரு பட்டியலை விதி விலக்கி வைத்திருக்கிறது. .45 கோல்ட், .44-40, .38-40, .32-20 ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இந்த வகைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஐந்து அளவுகளில் செய்யப்பட்டவை. நான்கு இங்கே அடிபட்டுப் போயின. மிஞ்சியது .41 கோல்ட்.

அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு .45தான் அரசன்; .41ஐ இரண்டாம் பட்சமாகவே பார்ப்பார். எல்லையைத் தாண்டி இங்கே வந்தால் வரிசை தலைகீழாகிறது. 1890இல் செய்த .45 ஒன்று யாருக்கும் விற்க முடியாத பதிவுப் பொருள். அதே ஆண்டு, அதே தொழிற்சாலை, குழலின் துளை சற்றுச் சிறியது என்பதற்காக .41 சுதந்திரமாகக் கைமாறுகிறது. .44 ரஷ்யன் என்ற ரவைக்குச் செய்யப்பட்ட பழைய ஸ்மித் அண்ட் வெசன் றிவோல்வர்களும் இந்தப் பட்டியலுக்குள் வராததால் இங்கே தேடப்படுகின்றன. தொன்மை என்பதற்காக மேசையில் அலங்காரமாகப் போட்டு வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ரவை நீக்கி வைத்திருப்பதும், பூட்டிய பெட்டியில் கொண்டு செல்வதும் அவற்றுக்கும் கட்டாயம்.

மூதாட்டியின் பெட்டியில் இருந்தவை: 1890களின் முற்பகுதியைச் சேர்ந்த ஒரு .45, ஏறக்குறைய அதே வயதுள்ள ஒரு .41, 1960களில் செய்த ஒரு இரண்டாம் தலைமுறைத் துப்பாக்கி. முதலாவதும் மூன்றாவதும் பதிவில் இருந்தன.

வரிப் படிவத்துக்கு வருவோம். ஒருவர் இறக்கும்போது அவரது பொருட்களை இறப்புக்குச் சற்று முன் நியாயமான சந்தைப் பெறுமதிக்கு விற்றதாகவே சட்டம் கருதுகிறது. துப்பாக்கி தனிப்பட்ட பாவனைச் சொத்து. அதில் வாங்கிய விலை, விற்ற விலை இரண்டையும் குறைந்தது 1,000 டொலர் என்று எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 800 டொலருக்கு வாங்கியது 6,000 பெறுமானால் இலாபம் 5,000; அதில் பாதி வருமானத்தோடு சேரும். நட்டம் வந்தாலோ கழிக்க வழியில்லை. ஓவியம், நகை, அரிய நூல், முத்திரை, நாணயம் ஆகியவற்றில் வரும் நட்டத்தை அதே வகை இலாபத்தில் கழிக்க இடமுண்டு. துப்பாக்கி அந்தப் பட்டியலில் இல்லை. முடக்கத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து வாங்கியவரின் குடும்பம், விலை விழுந்ததை முழுமையாகத் தானே சுமக்க வேண்டும்.

நியாயமான சந்தைப் பெறுமதி என்றால் என்ன? கட்டுப்பாடற்ற திறந்த சந்தையில், விபரம் தெரிந்த, விருப்பமுள்ள இருவரிடையே கிடைக்கும் அதிகூடிய விலை என்று பீ.கொம். முதலாம் வருடத்திலேயே மனப்பாடம் செய்தோம். வாங்குவதற்கே ஆளில்லாதபடி சட்டம் செய்த பிறகு அந்த வரைவிலக்கணத்தை எங்கே பொருத்துவது? அமெரிக்க ஏல விலையை அப்படியே எழுதுவது பிழை. அது வருமான வரியை மட்டுமல்ல, ஒன்ராறியோவின் சொத்து நிர்வாக வரியையும் கூட்டும். 50,000 டொலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 15 டொலர். பூச்சியம் என்று எழுதுவதும் பிழை, ஏற்றுமதி வழி திறந்திருக்கிறதே. உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரிடம் எழுத்து மூலம் மதிப்பீடு வாங்கச் சொன்னோம். ஏற்றுமதிச் செலவையும் தரகையும் கழித்து அவர் தந்த தொகையையே படிவத்தில் போட்டோம்.

பதிவோ பத்திரமோ இல்லாமல் துப்பாக்கி கண்டெடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதைக் காரில் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகாதீர்கள். தொடாமல், அவசரமற்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், அவர்களே வருவார்கள். மரணசாசன நிறைவேற்றாளருக்கோ, உரிமம் இல்லாவிட்டாலும், சொத்தைத் தீர்க்கும் நியாயமான காலம் வரை இறந்தவரின் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருக்க இடமுண்டு. பதறி ஒப்படைத்துவிட்டுப் பிறகு விலை கேட்டு வந்த ஒரு குடும்பத்தையும் பார்த்திருக்கிறோம். வரலாற்று மதிப்பு உறுதியானால் தகுதி பெற்ற அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். கலாசாரச் சொத்து என்று சான்று கிடைத்தால் மூலதன இலாபத்துக்கு வரி இல்லை, நன்கொடைக்கான வரிச்சலுகையும் கிடைக்கும். ஆனால் சாதாரண .45க்கு அந்தச் சான்று இலேசில் வராது.

.41 இரண்டு கிழமையில் விலைபோனது. 1960களின் துப்பாக்கியை வியாபாரி குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டார். .45க்குக் காப்பகக் கடிதம் வந்தது: சிக்காகோவில் ஒரு இரும்புச்சாமான் வியாபாரிக்கு அனுப்பப்பட்ட சாதாரணத் துப்பாக்கி, கொள்ளையனும் இல்லை, ஷெரிஃபும் இல்லை. மகன் ஏற்றுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறார். மூதாட்டி கடிதத்தின் பிரதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.