சேறு ஏந்திய கப்பல்கள்

ஐதராபாத்தில் வாழும் தமிழன்பர்கள் மாலை வேளையில் உசேன் சாகர் கரைக்குச் சென்று சற்றே இளைப்பாறுவதுண்டு. குதுப்ஷாகி மன்னர் காலத்தில், 1562-ஆம் ஆண்டில் அமைந்த ஏரி அது. அங்கே கட்டியிருக்கும் மோட்டார்ப் படகுகள் காலையில் எந்த மட்டத்தில் மிதந்தனவோ, மாலையிலும் அந்த மட்டத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். ஏரிக்கு ஓதம் இல்லை. ஆதலால் படகுக்கும் கவலை இல்லை.

கடலை அடுத்த கழிகளிலும் ஆற்று முகங்களிலும் கட்டப்படும் படகின் நிலை வேறு. அங்கே நாள்தோறும் இருமுறை நீர் ஏறும், இருமுறை வடியும். வடிந்தபோது, சற்று முன்னர் மிதந்த படகு வெறுந்தரையில் கிடக்கும். நீர் தாங்கிய சுமையை அப்போது யார் தாங்குவது? எளிய கேள்விதான், ஆனால் ஒரு துறைமுகத்தின் வாழ்வும் தாழ்வும் இக்கேள்விக்குள் அடங்கிவிடுவதுண்டு. அத்தகைய துறைமுகம் ஒன்று நமக்கு அயலிலேயே இருந்தது.

முதலில் இடையூறுகளைக் காண்போம். நீரில் மிதக்கும் கலத்தை நீர் எல்லாப் பக்கமும் ஒருசேர அணைத்துத் தாங்குகிறது. தரையில் அமரும் கலத்தின் பாரமோ, ஏரா எனப்படும் அடிமரத்தின்மேல் இறங்குகிறது. ஏரா கூர்மையாயின் கலம் ஒருபுறம் சாயும். தரையில் கல் ஒன்று துருத்தி நின்றால், பாரம் முழுதும் அந்த ஓரிடத்தில் குவிந்து பலகை பிளக்கும். தரை சேறாயின் வேறோர் அபாயம் உண்டு: சேறு அடிப்பலகையை இறுகப் பற்றிக்கொள்ளும், நீர் ஏறிவரும்போது கலம் எழ மறுத்தால், நீர் விளிம்பைக் கடந்து உள்ளே புகுந்துவிடும். மோட்டார்ப் படகுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: அடியில் இருக்கும் சுழல்விசிறியும் சுக்கானும் தரையில் இடித்து வளையும்.

இவற்றுக்குப் பரிகாரமாகவே, படகு அமர்வதற்கு மரத்தாலோ இரும்பாலோ ஒரு சட்டம் அமைக்கிறார்கள். அதனைத் தொட்டில் என்பது வழக்கம். நம் வீட்டுத் தொட்டில் ஆடுவதற்காகத் தொங்குகிறது. இந்தத் தொட்டிலோ ஆடாமல் வைப்பதற்காகவே ஊன்றப்படுகிறது. பாரத்தை ஏராவுக்கு அடியிலுள்ள கட்டைகளே சுமக்கவேண்டும். பக்கத்து முட்டுகள் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். மரச்சட்டம் நீரில் மிதக்க முயலும். ஆகவே அதற்குக் கல்லையோ இரும்பையோ கட்டிக் கனமேற்ற வேண்டும். நீர் நிறைந்திருக்கும்போது சட்டம் கண்ணுக்குத் தெரியாது. எனவே படகை நேராக உள்ளே செலுத்த இருபுறமும் வழிகாட்டும் கம்பங்கள் உயர்ந்து நிற்கவேண்டும்.

இவ்விதிகள் புதியன அல்ல. ஒரு சிறு படகுக்குச் செய்வதை, பெருங்கப்பல்களுக்குச் சேற்றைக்கொண்டே செய்து காட்டியவர்கள் கோதாவரிக் கழிமுகத்து மக்கள்.

ஐதராபாத் நகரம் 1591-ஆம் ஆண்டில் தோன்றியது. கடலுக்கும் அதற்கும் நெடுந்தொலைவு இடைவெளி உண்டு. எனினும் கோல்கொண்டா அரசின் செல்வத்தில் பெரும்பங்கு கடல் வழியே வந்தது. மசூலிப்பட்டினம் அதன் வாயில். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘குளோப்’ என்னும் கப்பல் 1611-இல் அங்கே வந்தது. ஆனால் மசூலிப்பட்டினத்தில் பெருங்கப்பல்கள் கரையை அணுக முடியாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்குகளைச் சிறு படகுகளே ஏற்றியிறக்கும். நெடும்பயணத்தில் நைந்த அடிப்பலகையைச் செப்பனிட வேண்டுமாயின் வேறிடம் தேடவேண்டும். கோதாவரியின் கிளையொன்றில் அமைந்த நரசாப்பூர் அதற்கு உதவியது. ஆற்றில் மிதந்துவரும் மரம் உண்டு, இரும்பு உண்டு, கைதேர்ந்த தச்சர் உண்டு. அந்தக் குளோப் கப்பலே 1614-இல் நரசாப்பூர் ஆற்றுக்குள் சென்று பழுதுபார்க்கப்பட்டது.

கோல்கொண்டா அரசு 1687-இல் வீழ்ந்தது. பின்னர் வந்த நூற்றாண்டில் இத்தொழிலின் புகழ், மேலும் வடக்கே, இன்றைய காக்கிநாடாவுக்குத் தெற்கே அமைந்த கோரங்கிக்குச் சேர்ந்தது. அருகிலுள்ள தாள்ளரேவு என்னும் ஊரிலும் கப்பல்கள் கட்டினார்கள். ‘ரேவு’ என்னும் தெலுங்குச் சொல்லுக்குத் துறை என்பதே பொருள். போர்க்கப்பல்களைப் பழுதுபார்ப்பதற்கென்று எபனேசர் ரோபக் என்னும் ஆங்கிலேயர் 1802-இல் கோரங்கியில் ஒரு துறை அமைத்தார்.

கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டும் உலர்துறைக்குப் பெரும்பொருள் வேண்டும். சேற்றுத்துறைக்கு வேண்டியவை மண்வெட்டி, மூங்கில், பாய், பல கைகள். ஆற்றங்கரைச் சேற்றில் கப்பலின் அளவுக்கு ஒரு பள்ளம் வெட்டுவார்கள். அதனை ஒரு வாய்க்காலால் ஆற்றோடு இணைப்பார்கள். அக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டரே. குஜராத்தின் பாவ்நகரில் அது பத்து மீட்டரை எட்டுவதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. ஆகவே நாள் பார்க்கவேண்டும். உவா நாள்களில், அதாவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, ஓதம் மிக உயர்ந்து ஏறும். அந்த ஏற்றத்தில் கப்பலை உள்ளே இழுத்து, வாய்க்காலைக் கழிகளும் பாயும் களிமண்ணும் கொண்டு அடைப்பார்கள். நீர் வடிய வடிய, எஞ்சியதை இறைத்து வெளியேற்றுவார்கள். கப்பல் மெல்ல இறங்கிக் கட்டைகளின்மேல் அமரும். இறங்கும் ஒவ்வொரு முழத்திலும் இருபுறமும் முட்டுக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். ஒரு பக்கத்து முட்டு நழுவினால், பல நூறு டன் மரம் மனிதர்மேல் சாயும். வேலை முடிந்தபின் மற்றோர் உவா நாளில் அடைப்பை வெட்டிவிட்டால், ஓதமே உள்ளே வந்து கப்பலைத் தூக்கிக்கொள்ளும்.

துறை அமைத்த ரோபக்கின் பெயர் ஏட்டில் இருக்கிறது. முட்டுக் கொடுத்து நின்றவரின் பெயர்கள் இல்லை. வந்தவன் கொண்டுவந்தது தேவை. வழி சொன்னவை அவ்வூர்ச் சேறும், அச்சேற்றை அறிந்த கைகளும்.

ஆயினும் அந்தத் தாழ்ந்த நிலம், வந்த நீரையெல்லாம் உள்ளே விட்டது. 1789 டிசம்பரில் புயலோடு கடல் மூன்று முறை பொங்கி எழுந்து கோரங்கியை மூழ்கடித்தது. ஏறத்தாழ இருபதினாயிரம் பேர் மாண்டனர் எனப் பிற்காலத்தில் எழுதினார் ஹென்றி பிடிங்டன். சுழற்காற்றுக்கு ‘சைக்ளோன்’ என்னும் பெயரை, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கி, 1848-இல் தம் நூலில் வழங்கியவர் அவரே. 1839 நவம்பர் 25-ஆம் நாள் மற்றொரு பெரும்புயல் கோரங்கியைத் தாக்கியது.

புயல் அழித்ததை மக்கள் மீண்டும் கட்டினர். ஆனால் சேற்றோடு போராட முடியவில்லை. கோதாவரி கொண்டுவந்த வண்டல் ஆற்று வாயிலைத் தூர்த்தது. ஓதத்தால் கப்பலைப் பள்ளத்துள் தூக்க முடிந்தது. கப்பல் ஆற்றுக்குள் நுழையவே முடியாதபோது ஓதம் என்ன செய்யும்? வணிகம் காக்கிநாடாவுக்கு நகர்ந்தது. காக்கிநாடாவுக்கு எதிரே நீளும் ‘ஹோப்’ தீவும் அதே கோதாவரி கொணர்ந்த மணலால் வளர்ந்ததே. இன்று கோரங்கியின் கழிகள் அலையாத்திக் காடுகள். 1978 முதல் அது வனவிலங்குச் சரணாலயம்.

கப்பலைத் தாங்கிய சேறே கப்பலைத் தடுத்தது. ஒரு நிலத்தின் இயல்பைத் துணையாகக் கொண்டு தொழில் செய்பவன், அவ்வியல்பு மாறும் நாளையும் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதைக் கோரங்கி காட்டுகிறது.

ஆனால் ஊர் ஒடுங்கியும் பெயர் ஒடுங்கவில்லை. அக்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான தெலுங்கு மக்கள் பிழைப்பு நாடிப் பர்மாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களை அங்குள்ளோர் ‘கோரங்கி’ என்றே அழைத்தனர். எந்தத் துறையிலிருந்து புறப்பட்டார்களோ அத்துறையே அவர்களுக்குப் பெயராயிற்று. அவர்களுக்கு அருகிலேயே தமிழரும் ரங்கூன் துறையில் மூட்டை சுமந்தனர். 1942-இல் போர் வந்தபோது இருவரும் ஒரே மலைவழியில் நடந்து தாயகம் திரும்பினர்.

நாமும் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு வேறோரிடத்தில் தங்கியவர்களே. நீர் வடிந்த காலத்தில் சாயாமல் நிற்க, இருபுறமும் யாரோ முட்டுக் கொடுத்திருப்பார்கள்: முதல் மாதம் அறையில் இடங்கொடுத்த ஊர்க்காரர், மொழி தெரியாத கடைத்தெருவில் உடன்வந்த தெலுங்கு நண்பர். அவர்கள் பெயரும் எந்த ஏட்டிலும் இராது. நாமாவது அவற்றை நினைவில் வைத்திருப்போமாக.