நிற்கும்போது கொதிக்கும் எஞ்சின்: ஒரு விசிறியின் வரலாறு

ஓடும்போது ஒழுங்காக இருக்கும் கார், சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ நின்றுவிட்டால் சூடேறுகிறது. நகரத் தொடங்கியதும் வெப்பமானியின் முள் இறங்கிவிடுகிறது. பலரும் கண்டிருக்கக்கூடிய இந்தக் கோளாறு ரேடியேட்டரோடு உடன்பிறந்தது. காரணத்தைத் தேடுவோர்க்கு அந்த வரலாறே நல்ல வழிகாட்டி.

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமை கோரிய மூன்று சக்கர வண்டியில் இன்றைய ரேடியேட்டர் கிடையாது. எஞ்சினைச் சூழ்ந்த நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோயிற்று. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்தா பென்ஸ், இரு மகன்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் அவ்வகை வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழிநெடுகத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. தாகம் மிகுந்த வண்டிதான். ஆயினும் அது எதிர்காற்றை நம்பியிருக்கவில்லை. நின்றாலும் ஓடினாலும் நீர் இருந்தால் போதும்.

அந்தத் தாகத்தைப் பெருமளவு தணித்தவர் வில்ஹெல்ம் மேபாக். பத்து வயதில் பெற்றோரை இழந்து, ராய்ட்லிங்கன் நகரின் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தவர். அவருடைய நெடுநாள் தோழர் காட்லீப் டைம்லர் 1900 மார்ச்சில் மறைந்தார். அதே ஆண்டில், எமில் யெல்லினெக் என்ற வணிகர் வேகமான புதிய கார் ஒன்றைக் கேட்க, மேபாக் தேன்கூட்டு ரேடியேட்டரை வடிவமைத்தார். ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள 8,070 சதுரக் குழாய்கள். அவற்றினூடே காற்று, அவற்றைச் சுற்றி நீர். தேவைப்பட்ட நீர் ஏறக்குறைய பாதியாகி 9 லிட்டரில் நின்றது. யெல்லினெக்கின் மகள் பெயரால் மெர்சிடிஸ் எனப்பட்ட அந்தக் கார் 1901 மார்ச்சில் நீஸ் நகரப் பந்தயங்களை வென்றது.

நீரைக் குறைத்ததற்கு விலை உண்டு: எஞ்சின் காற்றுக்குக் கடன்பட்டது. வண்டி ஓடினால் காற்று தானே வரும், நின்றால் வராது. ஆகவே மேபாக் ரேடியேட்டருக்குப் பின்னால் சிறு விசிறி ஒன்றையும் அமைத்தார். பந்தய வெற்றியைப் பேசும் நூல்கள் இந்த விசிறியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஆனால் நெரிசலில் நிற்கும் நமக்கு அதுவே முதன்மையானது.

பின்வந்த கார்களில் விசிறி பெரும்பாலும் பெல்ட் வழியே எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருந்தது. இதில் ஒரு முரண்: எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது விசிறியும் வாட்டர் பம்ப்பும் மெதுவாகவே சுற்றும், வேகமாக ஓடுகையிலோ, தேவையின்றிச் சுழன்று சக்தியை வீணாக்கும். எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்ட, 1969இல் வெளிவந்த ஃபியட் 128 போன்ற கார்களில் வெப்பத்தை அறிந்து தானே இயங்கும் மின்விசிறி இடம்பெற்றது. நின்ற வண்டிக்கும் காற்று உறுதியாயிற்று. ஆனால் புதியதோர் ஆபத்தும் வந்தது: விசிறி செத்துப்போனாலும் நெடுஞ்சாலையில் ஓடும்வரை அது தெரியாது.

எனவே, நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதல் ஐயம் காற்றின்மேல் எழ வேண்டும். முள் ஏறும்போது மின்விசிறி சுற்றுகிறதா? சுற்றவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, வெப்ப உணரி, மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்கலாம். பல கார்களில் ஏசியைப் போட்டாலே அதே விசிறி இயங்கும்; அப்போது மட்டும் சுற்றினால், மோட்டார் நலமாக இருக்கிறது, அதற்கு ஆணையிடும் உணரியோ ரிலேயோதான் பழுது என்று ஊகிக்கலாம். பழைய வகையில் பெல்ட்டின் தளர்வையும் விசிறி கிளட்ச்சையும் பார்க்க வேண்டும். விசிறியைச் சுற்றியுள்ள கூடு கழன்றிருந்தாலும், ரேடியேட்டர் இடுக்குகளில் தூசி அடைந்திருந்தாலும் இதே நிலைதான். காற்று சரியென்றால் அடுத்து நீர்: கூலண்ட் குறைவு, உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி, தேய்ந்த பம்ப். ஓடும்போதும் சூடேறினால் மட்டுமே, திறக்காத தெர்மோஸ்டாட்டும் உள்ளே அடைத்த ரேடியேட்டரும் முன்வரிசைக்கு வரும்.

இந்த வரிசையை மறந்து, எடுத்த எடுப்பிலேயே ரேடியேட்டரை மாற்றிவிட்டுப் பணத்தை இழப்போர் பலர். சூடேறுவதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினாலோ அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து செலவு பன்மடங்காகும். முள் ஏறியதும் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுவதே அறிவுடைமை. சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும்.