அடகுக்குப் போன பெயர்



2008-ஆம் ஆண்டில் ஒரு நாள் மேல்நிலை வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, டாட்டா கம்பெனி ஜாகுவார் காரை விலைக்கு வாங்கிவிட்டதாமே, அது எப்படி முடிந்தது?” என்று கேட்டான். “நம்மை ஆண்டவர்களின் பொருளை இன்று நாம் வாங்குகிறோம், காலம் திரும்பிவிட்டது” என்று சற்றுப் பெருமிதத்தோடு விடை சொன்னேன். வகுப்பு முழுவதும் கை தட்டிற்று. நானும் மகிழ்ந்தேன். பின்னர் வீட்டில் அமர்ந்து செய்திகளைத் தேடிப் படித்தபோதுதான், வரலாற்று ஆசிரியன் செய்யக்கூடாத பிழையை நான் செய்துவிட்டது தெரிந்தது. வாங்கியவர் யார் என்று பார்த்தேனே அன்றி, விற்றவர் யார் என்று பார்க்கவில்லை. விற்றவர் ஆங்கிலேயர் அல்லர், அமெரிக்கர். டெட்ராய்ட் நகருக்கு அருகில் தலைமையகம் கொண்ட ஃபோர்டு கம்பெனியே அதை விற்றது. ஏன் விற்றது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஃபோர்டு என்ற பெயர் எளியவர்களின் வண்டிக்கு உரிய பெயர். 1903-இல் கம்பெனியைத் தொடங்கிய ஹென்றி ஃபோர்டு, 1908-இல் ‘மாடல் டி’ என்னும் வண்டியை வெளியிட்டார். அப்போது அதன் விலை 850 டாலர். 1913-இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் வண்டி நகர்ந்து வர, தொழிலாளி நின்ற இடத்திலேயே நின்று வேலை செய்யும் முறையைப் புகுத்தினார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்த சட்ட வேலை, மறு ஆண்டிலேயே ஒன்றரை மணி நேரத்தில் முடியலாயிற்று. 1925 அளவில் விலை 260 டாலராக இறங்கியது. உழவனும் ஆசிரியனும் கார் வாங்கினர். செல்வர் விரும்பும் அலங்கார வண்டிகளில் ஹென்றி ஃபோர்டுக்கு ஆர்வம் குறைவு. எனினும் 1922-இல் நொடித்துப்போன லிங்கன் என்னும் உயர்தர வண்டிக் கம்பெனியை 80 லட்சம் டாலருக்கு வாங்கினார். அதைப் பேணி வளர்த்தவர் அவர் மகன் எட்ஸெல்.

இனி ஜாகுவாரின் கதை. வில்லியம் லயன்ஸ் என்ற இளைஞர் 1922-இல் பிளாக்பூல் நகரில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பூட்டும் இருக்கைப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார். பின்னர் கார்களுக்கு முனைந்தார். அவற்றுக்கு என்ஜின் கொடுத்தது கோவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி. சிறு வயதில் நான் வாய் பிளந்து பார்த்த ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ கார், சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கத்தில் அக்கம்பெனியின் பெயரோடு உருவானதுதான். ஜாகுவாருக்கும் நமக்கும் அந்த அளவில் ஒரு தூரத்து உறவு உண்டு. லயன்ஸ் தம் கம்பெனிக்கு வைத்திருந்த பெயர் ‘எஸ்.எஸ்.’ என்னும் இரண்டு எழுத்துகள். ஹிட்லரின் கொடும்படைக்கும் அவையே பெயராக இருந்தமையால், போர் முடிந்த 1945-இல் அவற்றை நீக்கி ‘ஜாகுவார்’ என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். லேண்ட் ரோவரோ போருக்குப் பிந்தைய வறுமையில் பிறந்த பிள்ளை. 1948-இல் வெளிவந்த அவ்வண்டிக்கு, எஃகு கிடைக்காத காரணத்தால் அலுமினியக் கலவைத் தகட்டால் உடல் செய்தனர். வயலில் உழைக்க வந்த வண்டி பிற்காலத்தில் மாளிகை வாசலில் நின்றது.

இவ்விரு கம்பெனிகளும் பல கைகள் மாறின. இரண்டும் 1968-இல் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற பெருங்கூட்டத்துள் அடங்கின. அந்தக் கூட்டம் நொடித்தபோது, 1975-இல் அரசாங்கமே அதை ஏற்றது. ஜாகுவார் 1984-இல் மீண்டும் தனியார் கைக்குப் போயிற்று. 1989-இல் ஃபோர்டு கம்பெனி ஏறத்தாழ 250 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது.

ஃபோர்டு ஏன் வாங்கியது? சாதாரண வண்டியில் கிடைக்கும் ஆதாயம் சிறிது. உயர்தர வண்டி ஒன்றில் கிடைப்பது பெரிது. இந்தக் கணக்கு தவறன்று. ஆனால் அதை நம்பிப் போன தூரந்தான் தவறு. ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனியின் பெரும்பங்கை 1987-இல் வாங்கியிருந்தனர். 1999-இல் சுவீடன் நாட்டு வால்வோ கார்களை 645 கோடி டாலருக்கு வாங்கினர். 2000-இல் ஜெர்மானியரான பி.எம்.டபிள்யூ. கம்பெனியிடமிருந்து லேண்ட் ரோவரை ஏறத்தாழ 270 கோடி டாலருக்கு வாங்கினர். இவற்றை ஒரே குடையின்கீழ் வைத்து, தனி நிர்வாகமும் அமைத்தனர். வீட்டு மூத்தவள் கந்தல் கட்டியிருக்க, வந்த மருமகள்களுக்குப் பட்டு எடுத்ததுபோல், தலைமைக் கம்பெனியின் பணமும் கவனமும் அயல்நாட்டுப் பெயர்கள்மீது சென்றன. ஃபோர்டு என்ற பெயரில் வந்த சிறு வண்டிகளோ ஜப்பானியரின் டொயோட்டாவுக்கும் ஹோண்டாவுக்கும் முன் நிற்க இயலாமல் தேய்ந்தன.

செலவைச் சுருக்க ஒரு வழி கண்டனர். ஃபோர்டின் மோண்டியோ என்னும் குடும்ப வண்டியின் அடித்தளத்தைக் கொண்டே, 2001-இல் ‘எக்ஸ்-டைப்’ என்னும் ஜாகுவாரை வெளியிட்டனர். வண்டி மோசமானதன்று. ஆயினும், பட்டுப் புடவை என்று வாங்கியதில் பருத்தி இழை இருப்பதாகத் தெரிந்தால், அது எவ்வளவு நல்ல பருத்தியாயினும் வாங்கியவள் மனம் ஒப்புவாளா? 2002-இல் ஏறத்தாழ 1,30,000 ஜாகுவார்கள் விற்றன. 2007-இல் விற்றவை ஏறத்தாழ 60,000.

2006-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனியின் நட்டம் 1,200 கோடி டாலரைத் தாண்டியது. நிறுவனரின் கொள்ளுப் பேரரான வில்லியம் கிளே ஃபோர்டு, தம்மால் இயலவில்லை என்று உணர்ந்து, செப்டம்பரில் போயிங் விமானக் கம்பெனியிலிருந்து ஆலன் முலாலி என்பவரை அழைத்துவந்து தலைமையை ஒப்படைத்தார். குடும்பப் பெயர் தாங்கிய கம்பெனியில் இப்படி விலகி நிற்பது எளிய செயலன்று. அவரை நான் மதிக்கிறேன்.

முலாலி வந்ததும் வாரந்தோறும் அதிகாரிகளின் கூட்டம் கூட்டினார். வேலை செம்மையாக நடந்தால் பச்சை, ஐயமிருந்தால் மஞ்சள், தடைப்பட்டால் சிவப்பு என்று வண்ணமிட்டு அறிக்கை தர வேண்டும். தொடக்கத்தில் எல்லாரும் பச்சையே காட்டினர். இத்தனை கோடி நட்டப்படும் கம்பெனியில் தடைபடும் வேலை ஒன்றுகூட இல்லையா என்று அவர் வியந்தார். பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் நாங்கள் காட்டிய பதிவேடுகள் என் நினைவுக்கு வருகின்றன. அவற்றிலும் பச்சையைத் தவிர வேறு நிறம் இருந்ததில்லை. ஒரு நாள் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி துணிந்து சிவப்பைக் காட்டினார். தலைவர் சினப்பார் என்று மற்றவர்கள் காத்திருக்க, அவர் கை தட்டினாராம்.

அந்த ஆண்டின் இறுதியில் கம்பெனி தன் தொழிற்சாலைகளையும் மற்ற சொத்துகளையும் ஈடாக வைத்து, ஏறத்தாழ 2,350 கோடி டாலர் கடன் திரட்டிற்று. ஈடு வைத்த சொத்துகளின் பட்டியலில் நீல முட்டை வடிவத்துள் ‘ஃபோர்டு’ என்று எழுதிய சின்னமும் இருந்தது. நம் வீடுகளில் வளையலை அடகு வைப்பார்கள், சங்கிலியை வைப்பார்கள். தாலியில் கை வைக்கும் நாள் வந்தால் அந்த வீட்டின் நிலையை யாரும் விளக்க வேண்டுவதில்லை. ஃபோர்டு கம்பெனிக்கு அந்த நாள் வந்துவிட்டது.

தன் பெயரைக் காக்க மற்றவர் பெயர்களை விற்பதென்று முடிவாயிற்று. 2007-இல் ஆஸ்டன் மார்ட்டின் போயிற்று. 2008 மார்ச் 26 அன்று ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாட்டா மோட்டார்ஸ் கம்பெனிக்கு 230 கோடி டாலருக்குக் கொடுக்க உடன்பட்டனர். ஜூன் 2 அன்று கைமாறியது. அந்தத் தொகையிலும் ஏறத்தாழ 60 கோடியைத் தொழிலாளரின் ஓய்வூதிய நிதிக்கு ஃபோர்டே செலுத்தியது. வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் கையில் நின்றது மூன்றில் ஒரு பங்கு. இடையில் கொட்டிய பணம் இந்தக் கணக்கில் சேரவில்லை. வால்வோவை 2010-இல் சீனத்துக் கீலி கம்பெனிக்கு விற்க 180 கோடி டாலர் பேசினர்.

இது மலிவு விற்பனையா? எண்களை மட்டும் பார்த்தால் ஆம். ஆனால் காலத்தைப் பாருங்கள். கைமாறிய மூன்றே மாதங்களில் நியூயார்க்கின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்து, உலகெங்கும் கடன் வறண்டது. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலாகி அரசாங்கத்தின் பணத்தால் பிழைத்தன. ஃபோர்டு திவாலாகவில்லை. அரசாங்கத்திடம் காசே பெறவில்லை என்று அதன் அன்பர்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. எரிபொருள் சிக்கனமான வண்டிகளுக்கென்று 590 கோடி டாலர் அரசுக் கடன் அதற்கும் கிடைத்தது.

வாங்கியவர் பாடு அப்போது மோசமாயிற்று. டாட்டா மோட்டார்ஸ் 2008-09 நிதியாண்டில் குழுக் கணக்கில் 2,505 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. நம் நாட்டிலேயே பலர் எள்ளினர். அந்த நாளில் என் மாணவன் மீண்டும் எழுந்து கேட்டிருந்தால் என் பெருமிதத்தை எங்கே ஒளித்திருப்பேனோ! ஆனால் சீனத்தில் லேண்ட் ரோவருக்குத் தேவை பெருகிற்று. புதிய வண்டிகளும் வந்தன. 2013-14-இல் அவ்விரு பெயர்களும் சேர்ந்து ஈட்டிய வரிக்கு முந்தைய ஆதாயம் 250 கோடி பவுண்டு. விற்றவருக்கு மனம் உறுத்தியிருக்கலாம். எனினும், அடகு வைத்த தன் சின்னத்தை 2012 மே மாதத்தில் ஃபோர்டு கம்பெனி மீட்டுக்கொண்டது. நகையை விற்றவள் தாலியை மீட்டாள் என்பதே என் தீர்ப்பு. மாற்றுக் கருத்துடையோர் உண்டு. அவர்களிடமும் நியாயம் உண்டு.

இதே ஃபோர்டு மறைமலைநகரில் கட்டிய தொழிற்சாலை 2022-இல் வண்டி செய்வதை நிறுத்தியபோது, நம் பிள்ளைகள் பலர் வேலை இழந்தனர். குஜராத்தில் சாணந்த் என்னுமிடத்திலிருந்த அதன் மற்றொரு தொழிற்சாலையை 2023 ஜனவரியில் டாட்டாவின் துணைக் கம்பெனி ஒன்று வாங்கியது.

அன்று கேள்வி கேட்ட மாணவன் இப்போது முப்பது வயதைக் கடந்திருப்பான். இந்தப் பேச்சை அவன் கேட்டால், அன்று கை தட்டிய விடையை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளட்டும்.