பிரமதண்டும் உருண்டை முள்ளும்



போன மாசியிலே அனந்தபுரத்திலே ஒரு பையன் முள்செடி ஒன்றைப் பிடுங்கி, சாக்கிலே சுற்றி என்னிடம் கொண்டுவந்தான். கையிலிருந்த போனில் ஒரு படம் காட்டினான். பந்து போல உருண்டையாய், நீலமாய் ஒரு பூ. "சார், இதுதானே அது? மணல் கொல்லையிலே தண்ணியே இல்லாம வருமாமே, போட்டா காசு வருமா?" என்று கேட்டான். அவன் கொண்டுவந்தது வேறு செடி. நம் வரப்பிலும் ரோட்டோரத்திலும் தைக்கு மேல் மஞ்சளாய்ப் பூத்து நிற்குமே, அந்தப் பிரமதண்டு. குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்வோம்.

முள்ளைப் பார்த்து ஏமாறக்கூடாதுங்க. தண்டை ஒடித்துப் பாருங்கள். மஞ்சள் பால் வடிந்தால் அது பிரமதண்டு. இலையிலே நரம்பு ஓரமெல்லாம் வெள்ளை படர்ந்திருக்கும். பூ நாலு முதல் ஆறு இதழ், காய் முழுக்க முள். இது கசகசாக் குடும்பம். உருண்டை முள்செடியோ சாமந்திக் குடும்பம். ஒடித்தால் மஞ்சள் பால் வராது, இலையின் அடிப்புறம் பஞ்சு ஒட்டினாற்போல வெளுத்திருக்கும், சின்னச் சின்னப் பூக்கள் சேர்ந்து ஒரு பந்தாய் நிற்கும்.

அந்த உருண்டை முள் நம் நாட்டுச் செடி. வடநாட்டிலே ஊண்ட் கட்டாரா என்பார்கள். ஊண்ட் என்றால் ஒட்டகம். 1776-ல் சென்னைக்கு வந்த ராக்ஸ்பரோ என்ற ஸ்காட்லாந்து டாக்டர் இதை எழுதிவைத்தார். அவர் 1815-ல் இறந்த பிறகு, 1832-ல் வெளியான நூலில் இது எக்கினாப்ஸ் எக்கினேட்டஸ் என்று பெயர் பெற்றது. முள்ளெலி மாதிரி என்று அர்த்தம். பெயர் வைத்தவர் செடியை நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்!

பிரமதண்டின் கதை வேறே. பெயரைக் கேட்டால் புராண காலத்துச் செடி என்று தோன்றும். உண்மையில் அது மெக்சிகோ பக்கத்துச் செடி. 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயரிலேயே மெக்சிகானா என்று ஊர் இருக்கிறது. கொலம்பஸ் 1492-ல் அமெரிக்கா போவதற்கு முன்னால் இது நம் மண்ணில் இருந்திருக்க முடியாது. நம்ம மல்லாட்டையும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதை நாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டோம். தென்னாற்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு வரைக்கும் போனது. பிரமதண்டு கூப்பிடாமலே தங்கிவிட்டது.

தங்கியதோடு போயிருந்தால் பரவாயில்லை. 1877-ல் கல்கத்தாவில் ஒரு புது நோய் வந்தது. கால் வீங்கும், மூச்சு இரைக்கும், இருதயம் தளரும், சிலருக்குக் கண் அழுத்தம் கூடிப் பார்வை போகும். ஒரே வீட்டில் பலர் படுத்துவிடுவார்கள். கெட்டுப்போன அரிசிதான் காரணம் என்று டாக்டர்கள் வெகுகாலம் அரிசியையே சோதித்துக்கொண்டிருந்தார்கள். சமையல் கடுகெண்ணெயில் கலந்த பிரமதண்டு எண்ணெய்தான் காரணம் என்று 1926-ல்தான் பேச்சு எழுந்தது, 1930-களில் உறுதியானது. ஐம்பது வருஷத்துக்கு மேலே, பாருங்க! வரப்பிலே நிற்கிற செடியை யாரும் சந்தேகப்படவில்லை. அந்த விதையில் சாங்குவினரின் என்ற நஞ்சு இருக்கிறது. அது ரத்தக் குழாய்ச் சுவர்களைக் கெடுத்து நீரைக் கசியவிடும், அதனால்தான் வீக்கம்.

பழைய கதை என்று விடவும் முடியாது. 1998-ல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெய் சாப்பிட்டு ஏறக்குறைய மூவாயிரம் பேர் பாதிக்கப்பட்டு, அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

விதை கடுகு மாதிரியே இருப்பதுதான் வினை. கடுகு மழமழவென்றிருக்கும், நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதை சொரசொரப்பாய்க் கறுத்திருக்கும், நசுக்கினால் உள்ளே வெள்ளை. செக்குக்கு எள்ளோ கடுகோ கொண்டுபோகிறவர்கள் ஒரு பிடி அள்ளி இப்படி நசுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்தியம் என்று அந்த மஞ்சள் பாலைக் கண்ணில் விடுகிற பழக்கமும் வேண்டாம்.

பையனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். உருண்டை முள் வளர்ப்பதில் கஷ்டமில்லை. ஆணிவேர் ஆழமாய் இறங்குகிற செடி, ஆகவே நாற்றைப் பிடுங்கி நடாமல் விதையை நேரே இடத்திலேயே போடவேண்டும். நல்ல வெயில் வேணும், தண்ணீர் தேங்கக்கூடாது. காசு விஷயத்தில் மட்டும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. வாங்குகிற ஆளை முதலில் பார், பிறகு விதை தேடு என்றேன். நாலு செடி வேலியோரம் போட்டுப் பார்க்கிறேன் என்றான்.

அதற்கு முன்னால் வரப்பிலிருக்கிற பிரமதண்டைக் காய் முற்றுமுன் களைக்கொத்தால் வேரோடு எடுக்கச் சொன்னேன். முள் தைக்கும், கையுறையோ சாக்கோ வேண்டும். காய் பிடித்த செடியை எருக்குழியில் போட்டால் எருவோடு விதையும் கொல்லைக்கே திரும்பி வரும். அந்த விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அவன் கொண்டுவந்த செடியிலேயே காய் இருந்தது. அதை அங்கேயே போடவிடாமல் சாக்கோடு கட்டி எடுத்துவந்து எரித்தேன்.