பழைய திரையும் புதிய கணினியும்

1980 இல் ஜப்பானின் நம்கோ நிறுவனம் வெளியிட்ட பக்மேன் விளையாட்டுப் பெட்டியை நம்மில் பலர் படங்களில் கண்டிருப்போம். அதன் கண்ணாடிக் குழாய்த் திரை, அக்கால ரீவியைப் போலவே செக்கனுக்குச் சுமார் 16,000 கோடுகளை வரைந்தது. 1987 இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ முறை அதை ஏறத்தாழ இருமடங்காக்கியது. கணினியும் அந்தப் பெட்டியும் பாதை பிரிந்தது அங்கேதான்.

1997 இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' மென்பொருளை வெளியிட்டார். பழைய விளையாட்டுகள் கணினியில் உயிர்பெற்றன. ஆனால் அவற்றைப் பெட்டியின் சொந்தத் திரையிலேயே காண வேண்டுமானால், முதலில் கணினியின் கோட்டு வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டு வயரைச் செருகினால் படம் சிதறும். திரையின் உள்பாகங்கள் கருகவும் கூடும். இப்போது அத்தகைய திரைகளைச் செய்வார் அரிது.

பழையதைக் காப்பதென்றால், புதியதுதான் கொஞ்சம் வேகத்தைக் குறைக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்வோம்.