தமிழ்ப் பக்கம் தாமதிப்பது எழுத்தாலா?

இணையத்தில் தமிழ்ப் பக்கம் திறக்கத் தாமதித்தால், "தமிழ் எழுத்துப் பாரமானது, ஆங்கிலம்போல் விரைந்து வராது" என்று கூறும் வழக்கம் ஆசிரியரிடையேயும் உண்டு. இக்கூற்று முற்றும் பொய்யன்று. ஆயினும் விசாரணைக்கு நிற்பதுமன்று. கடந்த முப்பதாண்டு வரலாற்றைப் புரட்டினால், குற்றவாளி வேறு என்பது புலனாகும்.

முதற்கண் 1990களை நோக்குவோம். மலேசியாவில் ஜாரிங் போன்ற இணைப்புகள் தொலைபேசிக் கம்பி வழியாக வீடுகளை எட்டிய காலம் அது. மோடத்தின் வேகம் நொடிக்கு 28,800 பிட் எனின், எட்டுப் பிட் ஒரு பைட் ஆதலின், நொடிக்கு 3,600 பைட் வந்து சேரும். கணினியில் தமிழ் எழுத்து இல்லாமையால் செய்தியைப் படமாக்கி ஏற்றுவதே சிலருக்கு எளிய வழியாயிற்று. 100,000 பைட் கொண்ட ஒரு படம் வந்து சேர 28 நொடி வேண்டும். வாசகர் அதற்குள் தேநீர் கலக்கப் போய்விடுவார்!

சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 1995இல் அந்நாட்டுக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது அவற்றிடையே தமிழுக்கும் இடம் தேடித் தந்தார். அவருடைய கணியனும், நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலும் தமிழைப் படமாக அன்றி எழுத்தாகவே அனுப்ப வழி வகுத்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் பழைய நூல்களைத் தட்டெழுதிய உரையாக வெளியிட முனைந்தது.

ஆனால் எழுத்து வந்தும் தாமதம் ஒழியவில்லை. இதழுக்கோர் எழுத்துரு இருந்தமையால், படிக்க விரும்பியவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகியவற்றின் நான்காம் பதிப்புகள் பக்கத்தோடு எழுத்துருவையும் தாமே கொணர்ந்தன. எனினும் ஒன்றன் முறை மற்றொன்றுக்கு ஒவ்வாது. உடலைவிட உடை கனத்த கதைதான். விண்டோஸ் 2000இல் லதா என்னும் எழுத்துரு கணினியோடேயே வந்தது. அதன்பின் ஒருங்குறிப் பக்கம் தன் உடையைச் சுமந்து வர வேண்டிய கட்டாயமில்லை.

இனி எழுத்தின் பாரத்தை நிறுத்துப் பார்ப்போம். எம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்க. "காம்பார்" நான்கே எழுத்து. ரோமன் எழுத்தில் எழுதினால் ஆறு பைட். 1990களின் இறுதியில் தமிழன்பர் கூடி வகுத்த திஸ்கி முறையிலும், காலைத் தனியே எண்ணியும் புள்ளியெழுத்தை ஒன்றாக எண்ணியும், ஆறே பைட். இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறியிலோ க, கால், ம, புள்ளி, ப, கால், ர, புள்ளி என எட்டுக் குறிகள். இணையத்தில் செல்லும் யூ.டி.எப்.-8 வடிவில் குறிக்கு மூன்றாக 24 பைட். நான்கு மடங்கு! தமிழ்நாட்டரசு 2010 ஜூனில் ஒருங்குறியோடு டேஸ்-16 என்ற அனைத்தெழுத்து முறையையும் தரமாக அறிவித்தது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி. எழுத்துக்கு இரண்டாக எட்டுப் பைட்டே ஆகும். இலக்கண ஆசிரியன் மனத்துக்கு இது இனிக்கும். ஆயினும் இணையம் ஒருங்குறியிலேயே நடக்கிறது.

அப்படியாயின் நான்கு மடங்குப் பாரம் உண்மைதானே எனில், ஒரு செய்தி காண்க. யூ.டி.எப்.-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதற்பைட்டும் 224. இரண்டாவது 174 அல்லது 175. வேறுபடுவது பெரும்பாலும் மூன்றாவதே. நம் முன்னோர் கணக்கேட்டில் வரிதோறும் ஒரே பெயரை எழுதாது "மேற்படி" என்பதற்கு ௸ எனக் குறியிட்டனர் அல்லவா? 1992இல் வந்த ஜிசிப் முதலிய சுருக்குமுறைகள் ஏறத்தாழ இதனையே செய்கின்றன. முன் வந்த தொடர் மீண்டும் வந்தால் சுட்டி மட்டும் இடும். அடிக்கடி வருவதற்குக் குறுங்குறி தரும். பக்கத்தைச் சுருக்கி அனுப்ப 1997இன் எச்.டி.டி.பி. 1.1 நெறி வழி தந்தது. வாசகரின் உலாவி அதனை விரித்துக் காட்டும். மீண்டும் மீண்டும் வரும் 224இன் பாரம் இங்கே பெரிதும் கரைந்துவிடுகிறது.

சுருக்காமலே அனுப்பினும் என்ன நேரும்? காம்பாரை அளவாகக் கொண்டால், 500 சொற்கள் 12,000 பைட். அந்தப் பழைய மோடத்திலேயே நான்கு நொடிக்குள் வந்துவிடும்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது, பயிற்சித்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவது ஆசிரியரிடையே பெருவழக்காயிற்று. ஒரு படம் 30 இலட்சம் பைட் எனின், அது 500 சொல் உரையினும் 250 மடங்கு. ஒளிப்படத்தை ஜிசிப்பும் மேலும் சுருக்க இயலாது; அது முன்பே சுருங்கியது. ஒரே கைப்பேசி, முன்பணத் தரவு, மரத்தடியில் மட்டும் எட்டும் அலை என்றிருந்த தோட்டப் பிள்ளைகள் வட்டம் சுழல்வதைப் பார்த்துக் காத்திருந்தனர். இவ்வட்டாரத்துத் தோட்டப் பள்ளியொன்றில் ஓர் இளம் ஆசிரியை அதே வினாக்களைத் தட்டெழுதி ஏற்றினார். மாலைக்குள் விடைகள் வந்தன.