வேடன் தாங்கலில் வேட்டை கூடாது

மண்ணூரிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலோர் சென்னை வழியாகத்தான் போவார்கள். நாங்கள் ஜனவரி மாதத்து ஞாயிறொன்றில், ஒரகடம், சிங்கப்பெருமாள்கோயில், செங்கல்பட்டு என்று தெற்கே இறங்கி, படாளம் கூட்டுரோட்டில் வேடந்தாங்கலுக்குத் திரும்பினோம். அங்கிருந்து கிழக்கே போய்க் கடலைப் பிடிப்பதாகத் திட்டம்.

தாங்கல் என்றால் எங்கள் பக்கத்தில் சிறிய ஏரி. வேடனின் பெயரைச் சுமந்த அந்த ஏரியில்தான் வேட்டைக்குத் தடை வந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் கவுல் ஒன்றை எழுதிக் கொடுத்தார்; பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு உண்டு என்பது அதன் சாரம். 1858-ல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருபவரும் இதே பிளேஸ்தான். கரை உடையப்போன மழை இரவில், வில்லோடு காவல் நின்ற இருவரைக் கண்டாராம். கதை இருக்கட்டும். ஏரி நிறைந்தால் நெல், நெல் விளைந்தால் வரி. கலெக்டருக்கு ஏரி முக்கியம். ஊருக்கோ பறவையும் முக்கியம். எச்சம் கலந்த தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் எதற்கு? தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. அன்பு மட்டுமல்ல, கணக்கும் உண்டு.

கரையில் நின்றபடி நண்பர் கேட்டார்: "ஏரியே முப்பது எக்டேர்தான். அதுக்கு எதுக்குங்க சுத்தி அஞ்சு கிலோமீட்டர் பாதுகாப்பு?"

1998-ல் அறிவித்த அந்த எல்லையை மூன்று கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை 2020-ல் வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. நண்பரின் கேள்விக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் பதில் சொன்னார்: "இங்க தூங்குது தம்பி. சாப்பாடு வெளியிலதான்."

உண்மைதான். நத்தைகுத்தி நாரை நத்தை தேடுவது சுற்றியுள்ள வயல்களிலும் ஏரிகளிலும். வக்கா அந்தி சாய்ந்ததும் இரைக்குக் கிளம்பும். கூடு இருக்கும் மரத்தை மட்டும் காத்து, வயலையும் அடுத்த ஏரியையும் விட்டுவிட்டால் குஞ்சுக்கு எதை ஊட்டும்?

செய்யூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டு, கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். 1750-ல் பிரெஞ்சுக்காரரான டூப்ளேக்குக் கிடைத்த கோட்டை; 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இப்போது கழிமுகத்தைப் பார்த்துச் செங்கல் சுவர்கள் சில நிற்கின்றன. கோட்டையைக் காக்க ஊருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. கவுலுக்கு இருந்தது.

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, 2021-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியைப் பார்த்துவிட்டு இரவில் திரும்பினோம். மறுநாள் காலை, ஷிப்ட் பஸ்கள் போகும் சாலையோரத்தில், தொழிற்சாலைச் சுவருக்கு இந்தப்பக்கம் மிச்சமிருந்த ஏரித் தண்ணீரில் நத்தைகுத்திகள் நான்கு மேய்ந்துகொண்டிருந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார்கள் வெளிவந்த பிறகு, எங்கள் பக்கத்தில் உழுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஏரித் தண்ணீரால் பிழைக்காத ஊர், ஏரிக்காக யாரிடம் போய்க் கவுல் கேட்கும்?